ஜூடு வந்து இறங்கிவிட்டான்

என்னங்க,

போனைச் சார்ஜில் போட்டுவிட்டு வாக்கிங் போய்விட்டீர்கள். அதனால்தான் இந்தச் சீட்டு.

நம்ம மகன் மதுரை ஏர்போர்ட்டில் நிற்கிறான். டொரான்டோவில் இல்லை, இங்கே! "அம்மா, இறங்கிட்டேன்" என்று இப்போதுதான் போன் செய்தான். நான் நம்பவில்லை. வாசல் போர்டைப் படம் பிடித்து அனுப்பினான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உங்கள் இருதய ஆபரேஷன் பேச்சை எடுத்தான் என்று, "பதினாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி உக்காந்துக்கிட்டு எனக்குப் புத்தி சொல்றியாடா? போனை வையி" என்று கத்தினீர்களே, வைத்தவன் நேரே கிளம்பிவிட்டான். துபாய் வரை பதிமூன்று மணி நேரம். அங்கே ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்து, பிறகு நாலு மணி நேரம். வீட்டைப் பூட்டியதிலிருந்து மொத்தம் முப்பத்திரண்டு மணி நேரமாம். நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆட்டோ வந்துவிட்டது. அவனைக் கூட்டிவரப் போகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுங்கள். சர்ச் கமிட்டிக்கு இன்றைக்குப் போக வேண்டாம். அவன் உள்ளே வரும்போது நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

- ஞானம்

இன்னொன்று. "எம்புட்டு நாள் லீவுய்யா?" என்று கேட்டேன். "ரிட்டர்ன் டிக்கெட்டே போடலம்மா. அப்பா ஆபரேஷனுக்குச் சரின்னு சொன்ன பெறகு போட்டுக்கிறேன்" என்றான். அவனுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.