குடகுக்குப் போன கேரவன்

தோஸ்த்,

ரெண்டு நாள் மழைக்குப் பிறகு இன்று காலை கேரவனின் கதவைத் திறந்தேன். உள்ளே அடைந்து கிடந்த சோபாத் தோலின் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. ஈரம் பட்ட தோலை நல்ல வாசனை என்று சொல்கிறவர்கள் ஆம்பூரைத் தாண்டி எங்கும் இருக்கமாட்டார்கள். ஒடுகத்தூரில் வேர்க்கடலைக் கொல்லையில் வளர்ந்த எனக்கு அதைப் பழக்கிவிட்டவன் நீ. வாரம் ஒருமுறை வந்து, பேட்டரி செத்துப்போகாமல் இருக்க இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவேன். இன்றும் ஓடவிட்டு, நீ உட்காரும் சோபாவில் உட்கார்ந்தேன். எதிரே சுற்றிலும் பல்பு வைத்த மேக்கப் கண்ணாடி. அதில் தெரிந்த கிழவனைப் பார்க்கப் பிடிக்காமல் உனக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன்.

நான் தோல் பதனிடும் டேனரிகளுக்குச் சாயமும் கெமிக்கலும் விற்றவன், நீ தோல் வாங்கி விற்றவன். நம் நட்பே ஒரு சண்டையில்தான் தொடங்கியது. நான் கொடுத்த கறுப்புச் சாயம் உன் தோலில் பழுப்படித்துப்போனது என்று கடை வாசலில் நின்று கத்தினாய். நானும் கத்தினேன். தொண்டை வறண்டதும் ரெண்டு பேரும் ஒரே டீக்கடைக்குப் போனோம். அதற்குப் பிறகு எந்தச் சாயங்காலமும் தனித்தனியாக டீ குடித்ததில்லை, உன் ஆபரேஷன் வரைக்கும்.

அந்த ஆபரேஷனைப் பற்றி நீ சொன்னதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். "டாக்டர் சக்சஸ்னு சொல்றாரு. யாருக்கு சக்சஸ்னு தெரியலடா." புராஸ்டேட்டை எடுத்தார்கள், அதோடு மூத்திரத்தை அடக்கும் சக்தியும் போய்விட்டது. பேட் வைத்துக்கொண்டு தாராளமாக வெளியே போகலாம் என்று டாக்டர் சொன்னதற்கு, "நான் இன்னா தொட்டில் கொழந்தையா?" என்று எழுந்து வந்துவிட்டாய். டீக்கடை நின்றது. ஜும்மா தொழுகைக்குப் போவது நின்றது. வீட்டில் உன் அறைக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் எத்தனை எட்டு என்பதுதான் உன் உலகமாகிப்போனது. ஊரே மதிக்கிற மனுஷன் இப்படி முடங்கிக் கிடப்பதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும்.

அப்போதுதான் பர்வீன் குடகில் வீடு கட்டினாள். உனக்கு இருப்பது ஒரே மகள். மாப்பிள்ளை அங்கே காப்பித் தோட்டத்தில் மேனேஜர். ஸ்பீக்கரில் போட்டு நீ பேசும்போதெல்லாம் அவள் குரல் எனக்கும் கேட்கும். "அத்தா, எல்லாரும் வந்து பாத்துட்டாங்க. நீங்கதான் வரல. எப்ப வருவீங்க?" நீ ஒவ்வொரு தடவையும் ஒரு பொய் சொல்வாய். முட்டி வலி என்பாய், சரக்கு வருது என்பாய். போனை வைத்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாய். உண்மையான காரணத்தை அவளிடம் சொல்லக்கூடாது என்று உன் பீவியிடமும் என்னிடமும் சத்தியம் வாங்கியிருந்தாய்.

கேரவன் யோசனை என்னுடையதுதான். வேலூர்க் கோட்டைக்கு வெளியே ஏதோ ஷூட்டிங். வேடிக்கை பார்க்க நின்ற கூட்டமெல்லாம் நடிகரைப் பார்த்தது, நான் அவருடைய கேரவன் டிரைவரிடம் போய், "உள்ள பாத்ரூம் இருக்குதாப்பா?" என்று கேட்டேன். உன்னிடம் வந்து சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாய். "என்னை ஈரோ ஆக்கப் பாக்குறியா?" என்றாய். ஆனால் மறுநாள் விடிந்ததும் உன் போன் வந்தது. "அந்த வண்டி பழசா கெடைக்குமா, கேளு."

சென்னையில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஷெட்டில் நம் வண்டி நின்றுகொண்டிருந்தது. டீசல் வண்டி, வேன் சேசிஸ் மேல் பெரிய பாடி கட்டியது. அங்கே போகும் வழியில் எத்தனை பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினோம், ஒவ்வொன்றிலும் நீ எப்படித் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினாய் என்பதை எழுதப்போவதில்லை. விற்கிறவன், பெரிய பெரிய நடிகைகள் உட்கார்ந்த வண்டி சார் இது என்று அளந்துகொண்டிருந்தான். நீ அவனைக் கவனிக்கவே இல்லை. சோபாவைக் கட்டைவிரலால் அழுத்தினாய். நகத்தால் லேசாகக் கீறினாய். குனிந்து மோந்து பார்த்தாய். பிறகு குஷனைத் தூக்கி உள்பக்கத்தைத் தடவி, கண்ணெல்லாம் மலர, "ஒரிஜினல் எருமைடா. ஒட்டுப்போட்ட மாலு கெடையாது. இந்த மாதிரி சரக்கு இப்ப எவன் போடறான்?" என்றாய். நானும் என் பங்குக்கு, சாயம் நன்றாக ஏறியிருக்கிறது, உரசினால் கையில் ஒட்டவில்லை என்று சொன்னேன். பாத்ரூமில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தோம். இன்ஜினைப் போட்டுச் சத்தம் கேட்டோம். கைகொடுத்து முடித்துவிட்டோம்.

காலமெல்லாம் ஒவ்வொரு தோலையும் திருப்பிப் போட்டுப் பார்த்து வாங்கிய ரெண்டு பேர், அந்த வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்க்கவில்லை. இதை ஆம்பூரில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று பிற்பாடு நமக்குள் ஓர் ஒப்பந்தமே இருந்தது.

வண்டி வந்ததும் அடுத்த பேஜார் ஆரம்பித்தது. பர்வீன் அனுப்பிய போட்டோவைப் பார்த்தால், வீட்டுக்குப் போகிற மலைப்பாதையில் கேரவன் நுழையாது. சரி, அடிவாரம் வரைக்கும் கேரவனில் போவோம், பின்னால் உன் சின்னக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போவோம், கடைசிக் கொஞ்ச தூரத்துக்குக் கார் என்று முடிவு செய்தோம். பள்ளிகொண்டாவில் லாரிக்குப் பாடி கட்டும் ஷெட்டில் விட்டோம். கேரவனின் பின்பக்கம் பட்டையான இரும்புத் தகடு வைத்து, அதில் உருண்டைக் கொக்கி போட்டார்கள். காரின் முன்பக்கம் முக்கோணமாக ஓர் இரும்புச் சட்டம். அறுந்தால் பிடித்துக்கொள்ளச் சங்கிலி. பிரேக் போட்டால் காரின் சிவப்பு விளக்கும் எரிய வயர். கார் நியூட்ரலில் இருக்கணும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமல் சாவி உள்ளேயே இருக்கணும் என்று ஷெட்காரர் சொல்லச் சொல்ல, நீ பள்ளிக்கூடப் பையன் மாதிரித் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்தாய். ஆபரேஷனுக்குப் பிறகு உன் முகத்தில் அவ்வளவு உற்சாகத்தை நான் பார்த்தது அன்றுதான்.

சோதனை ஓட்டத்தைச் சர்வீஸ் ரோட்டில் வைத்துக்கொண்டோம். ஓட்டுவது நான். உள்ளே உட்கார்ந்து பின்பக்கக் கண்ணாடி வழியாகக் காரைப் பார்த்துக்கொண்டே வருவது உன் வேலை. மாதனூர் வரைக்கும் மெதுவாக, பூப்போல ஓட்டிக்கொண்டு வந்தேன். "கார் ஒழுங்கா வருதா?" என்று கேட்டேன். "ஜம்முனு வருது" என்றாய். டீக்கடையில் நிறுத்தி இறங்கிப் பார்த்தால், கார் இல்லை! உள்ளே நீ எண்ணெய்த் துணியும் கையுமாகச் சோபாவுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தாய்.

திரும்பி வந்து பார்த்தோம். சாலையோரம் ஒரு மணல் மேட்டில் முட்டிக்கொண்டு கார் அமைதியாக நின்றது. அதன் நிழலில் ரெண்டு ஆடுகள் படுத்திருந்தன. பக்கத்தில் நின்றவர் சாவகாசமாக, "இன்னா சார், வண்டிய உட்டுட்டுப் போய்ட்டே இருக்கீங்க? கைதட்டிக் கூப்ட்டேன்" என்றார். கொக்கியும் தகடும் பத்திரமாக இருந்தன. அவற்றைப் பற்றவைத்த சேசிஸ் துண்டுதான் பிய்ந்து கூடவே வந்திருந்தது. பாத்ரூம் தண்ணீர் வருஷக்கணக்கில் ஒழுகி, பின்பக்க இரும்பு துருப்பிடித்து அப்பளமாகப் போயிருந்தது. மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். சங்கிலியையும் அதே இரும்பில் மாட்டியிருந்ததால் அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. யார் மேலாவது மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் ரோட்டை மேலும் கீழும் பார்த்தேன். நீயோ பிய்ந்த இரும்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கழிசல் மாலுடா. நம்ம தலையில கட்டிட்டான்" என்றாய். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். ஓடிப்போய்க் கேரவன் பாத்ரூமில் புகுந்துகொண்டாய். அந்த வண்டியை அதன் உண்மையான காரணத்துக்காகப் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை.

அழுகின இரும்பை வெட்டி எறிந்து, புது இரும்புச் சேனல் வைத்து, குறுக்கே இன்னொரு சட்டமும் கொடுத்து ஷெட்காரர் சரிசெய்தார். இந்த முறை நாம் ரெண்டு பேரும் சாக்கை விரித்து அடியில் படுத்துப் பார்த்தோம். எழுந்திருக்க இன்னொருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

பயணம் நன்றாகவே போனது. உன் பீவி, "நீங்க ரெண்டு பேரும் முதல்ல போய்ட்டு உசுரோட வாங்க, அப்புறம் நான் வர்றேன்" என்று பிரியாணியைக் கட்டிக்கொடுத்து அனுப்பினாள். கிருஷ்ணகிரி, பெங்களூர், மைசூர் என்று ஒவ்வொன்றாகத் தாண்டத் தாண்ட உன் குரல் மேலே போய்க்கொண்டே இருந்தது. கார் சமர்த்தாகப் பின்னால் வந்தது. அடிவாரத்தில் ஒரு மர டிப்போவில் கேரவனை நிறுத்தி, காரைக் கழற்றி, அதில் ஏறிக் கிளம்பினோம்.

நம் திட்டத்தில் ஓட்டை எங்கே இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அவ்வளவு பெரிய வண்டியை வாங்கி, அதற்குக் கொக்கி போட்டு, இரும்பை மாற்றி, எல்லாம் செய்தோம். காரில் பாத்ரூம் இல்லை என்பது மட்டும் ரெண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. கொஞ்ச தூரம்தானே என்று இருந்துவிட்டோம். அந்தக் கொஞ்ச தூரத்தில் ரோடு வேலை. ஒருபக்கம் மண் சரிந்து கிடக்க, மரம் ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். பக்கத்திலேயே ஒரு ஜீப் நிறையப் பெண்கள். நீ இறங்கவும் முடியாது, இருக்கவும் முடியாது. கண்ணை மூடிக்கொண்டு சீட்டின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தாய். நான் ஏதோ பேச்சுக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. வெளியே பார்த்துக்கொண்டேன்.

"திருப்புடா" என்றாய்.

"பின்னாடி வண்டி நிக்குது. எங்க திருப்பறது?"

"லாரி போனதும் திருப்பு. நான் இப்படியே எம் பொண்ணு வாசல்ல போய் நிக்கமாட்டேன்."

லாரி நகர்ந்தது. திருப்புவதற்கு இடமும் இருந்தது. நான் நேராக ஓட்டினேன்.

"காது கேக்கலியா உனக்கு? திருப்பு!"

"கேக்குது" என்றேன். நீ உருதுவில் திட்ட ஆரம்பித்தாய். உண்மையான கோபம் வந்தால்தான் உனக்கு உருது வரும். என் அப்பனை, என் ஊரை, என் கெமிக்கலை எதையும் விட்டுவைக்கவில்லை. நான் செய்வது சரியா தப்பா என்று எனக்கே தெரியவில்லை. இன்றைக்குத் திருப்பினால் இந்த மனுஷன் இனி எந்தக் காலத்திலும் வீட்டை விட்டு வெளியே வரமாட்டான் என்பது மட்டும் தெரிந்தது. உன் நட்பே போனாலும் போகட்டும் என்று கல்லாக உட்கார்ந்து ஓட்டினேன்.

பர்வீன் கேட்டைத் திறந்து ஓடி வந்தாள். நீ கார்க் கதவைத் திறக்கவில்லை. அவளே திறந்தாள். ஒரு பார்வைதான். முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. "வாங்கத்தா. வெந்நி ரெடியா இருக்குது, மொதல்ல குளிச்சிடுங்க" என்று உன் தோளைப் பிடித்து இறக்கி, உள்ளே கூட்டிப்போனாள். நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே வரக் கால் வரவில்லை.

நீ மாப்பிள்ளையின் லுங்கியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாய். என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "தண்ணி கொண்டா" என்றாய். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டாய். வெளியே போகிற நாளில் நாக்கை நனைப்பதற்குக்கூடப் பயப்படுகிறவன் நீ. அன்று விடிந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்கவில்லை. ரெண்டாவது சொம்பும் தீர்ந்ததும்தான் என் பக்கம் திரும்பினாய்.

"இவ்ளோதானாடா? இதுக்காடா கேரவன் வாங்கனோம்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கேரவன் டிப்போவிலேயே கிடந்தது. போன வேலை முடிந்தும் நீ கிளம்புகிற வழியாக இல்லை. வீட்டின் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து மூடிப் பார்த்தாய். மாப்பிள்ளையின் தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்து வாயில் போட்டுத் துப்பினாய். ஊருக்குத் திரும்பிய மறுவாரம் டீக்கடைக்கு வந்தாய். ஜும்மாவுக்குப் போனாய். அரக்கோணத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கேரவன் வேண்டாம் என்று சொல்லி ரயிலிலேயே போய் வந்தாய். கைப்பையில் மாற்று லுங்கி ஒன்று இருக்கும். யாராவது கேட்டால் எடுத்தே காட்டுவாய்.

அப்புறம் உன் இதயம் நின்றுபோனது. அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிற மாதிரிப் போய்விட்டாய்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று பர்வீன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, அன்னிக்கு வழியில திருப்பச் சொன்னாராமே. அத்தாவே எங்கிட்ட சொன்னாரு. 'அந்த ஒடுகத்தூரான் என் பேச்சக் கேக்கலம்மா'ன்னாரு" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சொன்னாள்: "அத்தா எனக்கு எவ்ளோ செஞ்சாரு. என்னை ஒண்ணும் செய்ய உட்டதில்ல மாமா. கால் அமுக்கினாக்கூட இழுத்துக்குவாரு. அந்த ஒரு துணியத்தான் நான் தொவச்சுப் போட்டேன். நீங்க திருப்பியிருந்தா எனக்கு அதுவும் இல்ல."

எனக்கு இப்போது கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது. குழம்பை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில் விழுகிறது. கொஞ்ச நாள் தனியாக, எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டுப் பார்த்தேன். கல்யாண வீடுகளில் வயிறு சரியில்லை என்று பந்திக்குப் போகாமல் இருந்தேன். நீ சொன்ன பொய்களையே நானும் சொல்லிக்கொண்டிருப்பது பிறகுதான் உறைத்தது. இப்போது எல்லோரோடும் சேர்ந்து உட்காருகிறேன். குழம்பு சிந்துகிறது. மருமகள் ஈரத்துணியோடு வருகிறாள். நான் கையை நகர்த்திக்கொண்டு அவளைத் துடைக்க விடுகிறேன்.