மூடிய வாயில் அகாரம்

வாசலில் ஆட்டோக்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். வைதேஹி செருப்புக் காலோடு உள்ளே ஓடிவந்து, தூங்கும் மகளுக்காகச் சுருதிப் பெட்டியின்மேல் வைத்த சீட்டை எடுத்துப் பார்த்தாள்.

"ஸஹானா, ரசஞ்சாதம் குழையப் பிசைஞ்சு வெச்சிருக்கேன். வடாம் தொடாதே, ஈறுல குத்தும். வெளில போனா சாவியைப் பக்கத்தாத்து மாமிகிட்ட குடு. சாயந்திரம் அப்பா உன்னை மறுபடி அபிராமபுரம் பல் டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போவார். ரத்தம் வரதுன்னு நீ பல் தேய்க்கறதை நிறுத்தினதாலதான் ஈறு இன்னும் வீங்கித்துன்னு நேத்து டாக்டர் சொன்னாரோல்லியோ? மெதுவாத் தேய்ச்சுக்கோ."

எல்லாம் இருந்தது. சொல்ல வேண்டியது மட்டும் இல்லை.

ஒரு மாதமாக, 'ஆ'வென்று வாய் திறந்து பாடிப் பழகும் அகார சாதகத்தில் பெண் வாயைத் திறக்காமலே முனகினாள். சோம்பல் என்று நினைத்து, தன்னிடம் பாட்டு கற்க வந்த மற்றப் பெண்கள் எதிரிலேயே, "வாயைத் திறடி! ஆன்னு பாடு!" என்று தொடையில் கிள்ளியிருந்தாள் வைதேஹி. வாய் நாறுமே என்ற கூச்சத்தில்தான் பதினாலு வயசுப் பெண் உதட்டை இறுக்கிக்கொண்டாள் என்பது நேற்றுத்தான் தெரிந்தது.

மறுபடி ஹாரன். சீட்டில் இடமில்லை. ஓரத்தில் பொடி எழுத்தாக நெருக்கினாள்:

"நாளைக்கு அகாரம் வேண்டாம். வாயை மூடிண்டே முனகு. அம்மாவும் வாயை மூடிண்டு கூட முனகறேன்."