நாலு முழ நிலம்

விஜயபுரம்
மாசி 3, 1958

அன்புத் தம்பி ஏழுமலைக்கு அண்ணன் முனியப்பன் எழுதிக்கொண்டது. நானும் உன் அண்ணி செல்லியம்மாவும் மாடுகளும் சுகம். முன்பு போட்ட இரண்டு கார்டுக்கும் பதில் இல்லை. ரேணிகுண்டா ரயில் கரி பட்டு இன்னும் கறுத்திருப்பாய். உனக்குப் பார்க்கும் பெண் வீட்டாரிடம் சொல்ல மாட்டேன், பயப்படாதே.

நம் ஊர் ஆந்திராவிலேயே இருக்குமா, மெட்ராஸ் பக்கம் போகுமா என்று டீக்கடையில் தினமும் சண்டை. எல்லையை இரும்புச் சங்கிலி போட்டு அளப்பார்களாம். நம் நார்க் கயிற்றுக்கு அது ஈடாகுமா என்று பெருமை பேசினேன். அந்தப் பெருமை கிணற்றில் விழுந்த கதையைக் கேள்.

இந்த வருஷம் புளிச்சை ஆள் உயரம் தாண்டியது. கீரையைத் தின்றோம். தண்டைக் குட்டையில் பதினைந்து நாள் ஊறப்போட்டேன். அந்த நாற்றத்துக்கு உன் அண்ணி என்னை வாசலிலேயே உட்காரவைத்துச் சோறு போட்டாள். மேல்தோல் அழுகி, உள்பட்டை பட்டு மாதிரி நாராக உரிந்து வந்தது. கிணற்றுக்கு இருபது முழக் கயிறு திரித்தேன்.

முதல் நாள் குடம் தண்ணீரைத் தொட்டது. மறுநாள் எட்டாமல் தொங்கியது. "இன்னா, கவுத்துலகூடவா கஞ்சத்தனம்?" என்றாள் அண்ணி. காயவைத்து அளந்தேன், இருபது. நனைத்து அளந்தேன், ஏறக்குறைய ஒரு முழம் காணோம். மூன்று நாள் இதே வேலை. நார் தண்ணீரைக் குடித்துப் பருக்கிறது, நீளம் குறைகிறது. வயிறு பெருத்து எனக்கு வேட்டி பத்தாமல் போனதே, அந்த மாதிரி.

நாலாம் நாள்தான் உறைத்தது. ஐப்பசியில் நைனாவின் நிலத்தைப் பங்கு போட்டோமே. இதே மாதிரி இருபது முழ நார்க் கயிற்றால் பத்துக் கயிறு நிலம், ஆளுக்கு ஐந்து. கிழக்கிலிருந்து என் பங்கைக் காய்ந்த கயிற்றால் அளந்தோம். அதற்குள் மழை. மேற்கிலிருந்து உன் பங்கை அதே கயிற்றால், நனைந்ததோடு அளந்தோம். நடுவில் நாலு முழம் மிஞ்சியது. மழையில் நிலமும் வளர்கிறது, வளர்ந்தது மூத்தவனுக்கு என்று சிரித்துக்கொண்டே கல்லை நட்டேன். "கவுறு பொய் சொல்லுதுண்ணா" என்றாய். இன்னும் சிரித்தேன். அன்றைக்கே ரயில் ஏறிவிட்டாய்.

கயிறுதான் பொய் சொல்லியிருக்கிறது. அந்த நாலு முழமும் உன்னுடையது. கல்லைப் பிடுங்கி வரப்பில் போட்டிருக்கிறேன். கயிறு வெயிலில் காய்கிறது. ஒரு முனையை நான் பிடிப்பேன். மறுமுனையைப் பிடிக்கிறேன் என்று அண்ணி வந்தாள், வேண்டாம் என்றுவிட்டேன்.

லீவு கேட்டு வா. கறுத்த முகத்தோடே வா. எங்கிருந்தாலும் மகராசனாக இரு.

இப்படிக்கு,
மறுமுனைக்கு ஆள் இல்லாத உன் அண்ணன்
முனியப்பன்