படபடப்புக்குக் காரணம்

அன்புள்ள என்னங்க,

உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தை வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம், பயப்பட வேண்டாம். இரண்டு மாதமாகக் காரணமே இல்லாமல் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. போன வாரம் இங்கே வேலை செய்யும் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கும்போது, யாரோ பின்னால் வந்து நிற்பது போல ஒரு பயம். திரும்பினால் ஒருவரும் இல்லை. கை நடுங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேற்பார்வை அக்காதான் டாக்டரிடம் அழைத்துப் போனார்.

"காலையில என்ன சாப்பிடுவீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"மூணு டம்ளர் டீ," என்றேன்.

"வெறும் வயித்துல இத்தனை டீ குடிச்சாலும் படபடக்கும். ஆனா இது அது மட்டும் இல்ல," என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். ரத்தப் பரிசோதனையில், தைராய்டு அதிகமாகச் சுரப்பது தெரிந்தது. படபடப்பும் பயமும் அதனால்தானாம், மாத்திரையில் அடங்கிவிடுமாம். நான் பயந்தாங்கொள்ளி இல்லை என்று தெரிந்ததும் சிரித்தேவிட்டேன்.

அப்போது, "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" என்றார். என் சிரிப்பு நின்றுவிட்டது. நம் பெரியவள் பரீட்சைக்குப் போகமாட்டேன் என்று அழுகிறாள், இளைத்துக்கொண்டே போகிறாள் என்றீர்களே. "எல்லாம் நடிப்பு" என்று நானும்தானே திட்டினேன்.

இதைப் பார்த்ததும் அவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தலை வாரும் சாக்கில் அத்தை அவள் கழுத்தில் வீக்கம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கட்டும். பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். அவள் குரலைப் பதிந்து அனுப்புங்கள். நான்கு நாளாக என் போனை அவள் எடுக்கவில்லை.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. அவளைத் தனியாக விடாதீர்கள்.

பெரியவளின் அம்மா