ஒரு பைசா வாங்கவில்லை

தம்பிக்கு,

நேற்று போனில், "நீதாங்க்கா என் குலசாமி" என்று அழுதாய். குலசாமியும் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

என் கிட்னியை உனக்கு வைத்த ஆபரேஷனுக்கு முன்னால், ஆஸ்பத்திரி விசாரணையில், "தம்பிகிட்ட காசு எதுவும் வாங்குனீங்களாம்மா?" என்று கேட்டார்கள். "ஒரு பைசா வாங்கலய்யா" என்றேன். பக்கத்தில் இருந்த நீ அந்த வார்த்தையை இன்றுவரை கட்டிக் காக்கிறாய்.

கிட்னிக்குத்தான் விலை கூடாதாம். டெஸ்டுகளுக்குத் திருமங்கலத்திலிருந்து அலைந்த செலவையும், வேலை கெட்ட நாட்களின் வருமானத்தையும் வாங்கிக்கொள்ளச் சட்டமே விடுகிறதாம். ஆஸ்பத்திரியில் இப்போதுதான் சொல்கிறார்கள்.

பசுமலையில் உன் வீட்டுக்கு வந்த சொந்தங்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு உன் கையில் பணத்தையும் திணித்தார்கள். அடுத்த அறையில் படுத்திருந்த என்னிடம், "ஒனக்கென்னத்தா, நீ நல்லாத்தான இருக்க. பெரிய புண்ணியம்" என்றார்கள். நான் மாவு வாளியைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது அவர்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். என் மாவுக் கடையில் கிரைண்டர் ஓடவில்லை. வாடிக்கையாக இட்லி மாவு வாங்கியவர்கள் எதிர்க்கடைக்குப் போகிறார்கள். மூடிய கடைக்கும் வாடகை உண்டு.

உன் இன்சூரன்ஸில் என் ஆபரேஷன் மட்டும்தான் சேர்ந்தது. அதற்குப் பிறகான செக்கப் என் பாடு. இந்த மாதம் நான் போகவில்லை.

நீ உன் செக்கப்பை விட்டுவிடாதே. என் கிட்னி இரண்டில் ஒன்றாவது டாக்டரைப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
நல்லாத்தான் இருக்கும் உன் அக்கா