ஒரு கடிதம், இரண்டு நாள்

ஐப்பசி 6, வியாழன்
காலையிலிருந்து தூறல். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. செஞ்சியிலிருந்து பஸ்ஸில் வல்லம், அங்கிருந்து நடை. செருப்பெல்லாம் சேறு.

இன்று மூன்று வீடு. எல்லாம் குழுக் கடன், தவணை நின்றுபோனவை. நம் அமைப்பு சார்பில் கடன் கம்பெனியிடம் பேசி, மனு எழுதி வாங்கி, கெடு வாங்கித் தரவேண்டும்.

மூன்றாவது வீடு கல்பனா. புருஷன் சென்னையில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பு போய், தன் அம்மா வீட்டில் படுக்கை. இவள் வீட்டில் வெளிப்பூட்டு. உள்ளே குக்கர் விசில்.

இந்த வித்தை எனக்குத் தெரியாதா? நாலு வருஷம் நானே வசூலுக்குப் போனவள். மூணு விசிலுக்கு நில்லு, அடுப்பணைக்க எழுந்து வருவாங்க என்று புதுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள். இன்று முதல் விசிலிலேயே திரும்பிவிட்டேன். வெட்கமாக இருந்தது.

ஐப்பசி 7, வெள்ளி
வசூல்காரி என்று நினைத்துவிடக் கூடாதென்று பை எடுக்காமல் போனேன். மனுத் தாள் மட்டும், மடித்து. கதவு திறந்தது.

"நீங்க குழு மேடம்தான? அப்ப வருவீங்களே."

ஆமாம் என்றேன். இப்போது வேறு வேலை என்றேன். நம்பவே அரை மணி.

ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்ற பெண்கள் அவள் வீட்டில் போய் உட்காரவேண்டும், பணம் வரும்வரை. போன வாரம் அப்படி உட்கார்ந்ததில் பக்கத்து வீட்டு மஞ்சுளாவும் ஒருத்தி. அழுதுகொண்டே உட்கார்ந்தாளாம்.

"மாடு ஒண்ணுதான் மிச்சம்க்கா. அந்தப் பால்லதான் பசங்க சாப்பாடு. அதையும் வித்துட்டா இன்னா பண்றது?"

ஆறு மாசம் தள்ளிக் கேட்டு மனு. கையெழுத்துப் போட்டாள்.

"யாருக்கும் சொல்லாதீங்கக்கா. மஞ்சுளாவுக்குக்கூட. குழுவ ஏமாத்திட்டேன்னு பேசுவாங்க."

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

ஐப்பசி 11, செவ்வாய்
கடிதம் வந்துவிட்டது! ஆறு மாசம் கொடுத்துவிட்டார்கள். ஆபீசில் எல்லோருக்கும் என் செலவில் வடை.

மதியமே ஓடினேன். பூட்டு. விசில் இல்லை, நிஜமாகவே ஆள் இல்லை. போன் ஸ்விட்ச் ஆஃப் (வசூல்காரர்களுக்குப் பயந்து எப்போதுமே அப்படித்தான்). மஞ்சுளா எட்டிப் பார்த்தாள்.

"மாமியார் வீட்டுக்குப் போயிருக்குது. சாயங்காலம் வந்துரும். எதுனா சொல்லணுமாக்கா?"

"ஒண்ணுமில்ல. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

கதவடியில் கடிதத்தைத் தள்ளலாமா என்று யோசித்தேன். பசங்க கையில் கிடைத்தால் ஊரே படிக்கும். வியாழன் இந்த ஊர்ச் சுற்று, எப்படியும் வருகிறோமே. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன் என்று பஸ்ஸில் கொஞ்சம் பெருமைகூட.

துணிக்கடை பாக்கி கட்டவேண்டும். தலைவலி மாத்திரை.

ஐப்பசி 13, வியாழன்
வெயில். வண்டி சரியாகிவிட்டது.

கல்பனா வீடு விரியத் திறந்திருந்தது. பூட்டே இல்லை. கொட்டகையில் மாடு இல்லை.

வாசலில் மஞ்சுளா. "குழு மேடம் வந்தாங்க, ஒண்ணும் சொல்லாமப் போய்ட்டாங்கன்னு சொன்னேன்க்கா. மூஞ்சி செத்துப்போச்சு அதுக்கு. நேத்து அவங்க கொழுந்தன் அவலூர்பேட்டை சந்தைக்கு ஓட்டிம்போய்ட்டாரு. நான் கேட்டேனே உங்கள, எதுனா சொல்லணுமான்னு."

நல்ல சேதியாக இருந்தால் நான் சொல்லாமல் போவேனா என்று கல்பனா நினைத்திருக்கிறாள். மறுபடி எல்லோரும் வந்து உட்காருவதற்குள் மாட்டை விற்று மொத்தமாகக் கட்டிவிட்டாள். இனி திரும்ப வாங்கமுடியாது, பணத்தையும் மாட்டையும்.

உள்ளே போய்க் கல்பனாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். கொடுக்காமல் வந்திருக்கலாம். நின்றபடியே படித்தாள்.

"இது எப்பக்கா வந்துச்சு?"

"இன்னைக்குத்தான்."

தாளின் மேலே திங்கட்கிழமைத் தேதி. அதையும் பார்த்தாள். மடித்து என் கையிலேயே கொடுத்தாள்.

"குந்துங்கக்கா. பாலில்ல, வரக்காப்பி போடறேன்."

குடித்தேன்.