உன் அம்மா ஓட்டி வந்த வண்டி

குடவாசல்,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் பரிதிக்கு அப்பா எழுதுவது.

நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்பதையெல்லாம் நீயே நடுவில் போட்டுப் படித்துக்கொள். நான் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன், இல்லாவிட்டால் தாள் முடிந்துவிடும். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் ‘வண்டி’ என்று வாயைத் திறந்தாலே நீ ‘வித்துடுங்கப்பா’ என்று முடித்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். நம்ம மெக்கானிக் யூனுஸ் பாயின் மகன் சுஹைப் நாளைக்குத் தோஹா திரும்புகிறான். முறுக்கு டப்பாவோடு இதையும் கொடுப்பான். முறுக்கை அப்புறம் தின்னலாம்.

மாசக் கடைசியில் கும்பகோணத்து ஆள் வண்டியை எடுக்க வருகிறார் என்றாய். அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடப்பா. கிழட்டு டீசல் வண்டி, புகை கக்குகிறது, பின்கதவுக் கண்ணாடி இறங்காது, எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நடந்ததைக் கேட்டுவிட்டு முடிவு பண்ணு.

போன மாதம் அறுப்பு முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. விதைக்கென்று எடுத்துவைத்த நெல்லை எங்கே போடுவது? கொட்டகை ஒழுகுகிறது. வீட்டுக்குள்ளே கொண்டுபோனால் உன் அம்மா புது டைல்ஸுக்கு முன்னால் மறியல் செய்கிறாள். யோசித்தேன். நாலு கதவையும் அடைத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் புகாத இடம் நம் வீட்டில் ஒன்றுதான். மூட்டைகளைத் தூக்கி வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, என் மூளையை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

மழை உள்ளே போகவில்லை. வயலில் தண்ணீர் ஏறியதும் மேடு தேடி வந்த எலிகள் நெல் வாசனையை மோப்பம் பிடித்துவிட்டன. உள்ளே நுழைய வழி கிடைக்காமல் பானெட்டுக்கு அடியிலேயே குடித்தனம் போட்டுவிட்டன. வைக்கோல் மெத்தை, குட்டிகள், எல்லாம் உண்டு. யூனுஸ் பாய் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். ‘ரெத்தினண்ணே, நெல்லுக் குடோனுக்கு டயர் மாட்டி ஓட்டுறீங்களா?’ என்றார்.

கடித்த வயர்களை மாற்றினார். ‘ரெண்டு நாள் வண்டிய விடுங்க, டீசல் டியூப் ஒவ்வொண்ணா தடவிப் பாக்கணும்’ என்றும் சொன்னார். எனக்கு மறுநாள் காலையில் தஞ்சாவூர் போக வேண்டியிருந்தது. அப்புறம் கொண்டுவர்றேன் பாய் என்று எடுத்து வந்துவிட்டேன். வினை அங்கேதான் தொடங்கியது.

அன்றைக்கு அவரிடம் ஒன்று தெரிந்துகொண்டேன். டீசல் இன்ஜினுக்குள் பொறியே கிடையாதாம். காற்றை இறுக்கு இறுக்கு என்று இறுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளுமாம். தீக்குச்சி இல்லாமல் நெருப்பு! பத்தாம் வகுப்பை இரண்டு தடவை சுற்றிவந்த எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. இத்தனை வருடம் ஓட்டியும் தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று வாயைப் பிளந்து நின்றேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் அதிசயமாகச் சொன்னால், ‘நம்ம ஆயில் இன்ஜின்ல மட்டும் என்ன, அகல் விளக்கா ஏத்தி வச்சிருந்தோம்?’ என்கிறாள். ஆற்றில் தண்ணீர் வராத வருடங்களில் வயலுக்குத் தண்ணீர் இறைத்த அந்த இன்ஜினோடு மல்லுக்கு நின்றது அவள்தான். நான் வரப்பில் நின்று யோசனை சொன்னவன்.

தஞ்சாவூருக்கு எதற்குப் போனீர்கள் என்று கேட்பாய். கண் ஆஸ்பத்திரிக்கு, உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு. வண்டியின் இடது பக்கக் கண்ணாடி உடைந்ததற்கு நம் வீட்டு கேட் தூண் தானாக நடந்து வந்து இடித்த மாதிரி உனக்குக் கதை சொன்னேன் அல்லவா? அதைக் கேட்டுத்தானே வண்டியை விற்கவே சொன்னாய். தூண் நகரவில்லை. எனக்குத்தான் தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கும் டம்ளரைத் தட்டிவிட்டு, இங்கே எவன் வைத்தான் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன்.

சின்ன வயசு டாக்டரம்மா. பொறுமையாகப் பார்த்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பக்கப் பார்வை போய்விட்டதாம். போனது திரும்பாது, சொட்டு மருந்தைத் தவறாமல் விட்டு வந்தால் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், மாதாமாதம் வந்து காட்டணும் என்றது. ‘ஐயா, இனிமே நீங்க ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது’ என்றும் சொல்லிவிட்டது. உன்னை விடச் சுருக்கமாக.

கண்ணில் ஏதோ சொட்டு விட்டதில் வெளியே வந்தால் வெயில் பாலாகக் கொட்டுகிறது. மனிதர்கள் எல்லாம் வெள்ளைப் புகை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிப் பக்கத்தில் நின்றேன். உன் அம்மா கையை நீட்டி, ‘குடுங்க’ என்றாள்.

அவளிடம் லைசென்ஸ் இருப்பது உனக்குத் தெரியும். வாங்கின நாளிலிருந்து நான் மெயின் ரோட்டில் விட்டதில்லை என்பதும் தெரியும். ரைஸ் மில் வரைக்கும் போய்த் திரும்பு என்பேன். அந்தத் தூரத்துக்கே பக்கத்தில் உட்கார்ந்து ஆயிரம் குற்றம் சொல்வேன். அன்றைக்கு என் வலது கால் மட்டும் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தது. வாய் மூடித்தான் இருந்தது. ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டிருக்கிறார்கள் போல. அவள் வேகத்தைக் குறைப்பதும் ஒதுங்குவதும் மறுபடி ஏறுவதும் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. ஒரு மணிகூட டயருக்கு அடியில் நொறுங்கியதாகக் காதில் விழவில்லை.

பாபநாசம் தாண்டி வண்டி இரண்டு தடவை விக்கியது. நின்றுவிட்டது.

யூனுஸ் பாய்க்குப் போன் போடு என்றேன். ‘அவரு குடவாசல்லேர்ந்து வர்றதுக்குள்ள இந்த நெல்லு காஞ்சு அரிசியாயிடும். கம்முன்னு உக்காருங்க’ என்று இறங்கிவிட்டாள். பானெட் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு லாரி நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, ‘ஏம்மா, ஆம்பள யாரும் வரலியா?’ என்றார். ‘வந்திருக்காரே. உள்ள உக்காந்து கண்ணுல மருந்து காயப்போட்டிருக்காரு’ என்றாள் உன் அம்மா. அந்த லாரிக்காரர் சிரித்த சிரிப்பு எனக்கு வலங்கைமான் வரைக்கும் கேட்டது. உதவட்டுமா என்றவரை, ‘நீங்க போங்க தம்பி, லோடு கெடக்கு’ என்று அனுப்பியும் விட்டாள்.

நான் பார்க்கவில்லை பரிதி, கேட்டேன். முதலில் ஒவ்வொரு ரப்பர் டியூபாகத் தடவியிருக்கிறாள். ‘இங்க கடிச்சிருக்குங்க, காத்து இழுக்குது’ என்றாள். கொய்யாப்பழம் நறுக்க வைத்திருந்த கத்தியால் எலி கடித்த முனையை நறுக்கும் சத்தம். மிச்ச டியூபை இழுத்துச் சொருகி, கிளிப்பை இறுக்குகிற சத்தம். அப்புறம் டீசல் பில்டர் மேலே இருக்கிற ஹேண்ட் பம்ப். புளிச், புளிச், புளிச் என்று கட்டை விரலால் அழுத்திக்கொண்டே இருந்தாள். டீசல் போகிற பாதையில் காற்று புகுந்தால் இன்ஜின் மூச்சு விடாதாம், அந்தக் காற்றை முழுக்க வெளியேற்றணும். ஸ்குரூவைத் தளர்த்தி, நுரை வருகிறதா என்று பார்த்து, மறுபடி அழுத்தினாள். நான் ஒரு தடவை, ‘போதுமா செவ்வந்தி?’ என்றேன். ‘நுரை நிக்கலங்க’ என்றாள். சோறு வடிக்கிறவள் சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக.

பிறகு ஸ்குரூவை முறுக்கிவிட்டு, ‘சாவியத் திருப்புங்க’ என்றாள். தடவித் தடவித் திருப்பினேன். முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. முந்தின நாள் பாய் சொன்ன அந்தத் தீக்குச்சி இல்லாத நெருப்பு என் காலுக்கு முன்னால் பற்றி ஓடுகிறது. அதைப் பற்ற வைத்தவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்காருகிறாள். முப்பத்தைந்து வருடமாக இவளுக்கு நான்தான் எல்லாம் சொல்லிக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். கோயிலில் திரை விலகும்போது நிற்பேனே, அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவளாகவே பேசினாள். ‘எங்கப்பா காலம் பூரா பண்ணை வீட்டு மாட்டு வண்டிதான் ஓட்டுனாரு. ஐயா உள்ள இருந்தா வண்டியில உக்காரக் கூடாதுன்னு, மாட்டுக்குப் பக்கத்துல நடந்துகிட்டே ஓட்டுவாரு’ என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஹாரன் அடித்து ஒரு பஸ்ஸை முந்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், மருந்து எரிச்சல் என்று வைத்துக்கொள்.

இப்போது பாய் எல்லா டியூபையும் புதுசாக மாற்றிவிட்டார். விதை நெல் வீட்டுக்குள்ளே வந்துவிட்டது, டைல்ஸ் மேலேயே. வண்டிக்குப் பதிவு இன்னும் சில வருடம் ஓடும். ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் போகணும். நான் ஓட்டுவேனோ என்ற பயத்தில்தானே விற்கச் சொன்னாய்? நான் ஓட்டப் போவதில்லை. இது சத்தியம். ஆனால் அவளிடமிருந்து அந்தச் சாவியை வாங்கிக் கும்பகோணத்துக்காரர் கையில் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. உனக்கு இருந்தால் நீயே வந்து கேள்.

போன் போட்டால் என் கண்ணைப் பற்றி முதலில் கேட்காதே. வண்டி எப்படிம்மா ஓடுது என்று அவளிடம் கேள். அவள் சொல்லட்டும், நான் பக்கத்திலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. நினைத்ததெல்லாம் நடந்து நீ நல்லா இருக்கணும். லீவை மட்டும் ரொம்பத் தள்ளிப் போடாதேயப்பா. திருச்சி ஏர்போர்ட்டுக்கு அம்மா ஓட்டி வருவாள், நானும் வருவேன். பக்கப் பார்வைதான் போய்விட்டது, நடுவில் இன்னும் நல்லாத் தெரிகிறது. வெளியே வந்ததும் ஓரமாக வந்து தோளைத் தொடாமல், எனக்கு நேர் எதிரே வந்து கொஞ்ச நேரம் நில்.

உன் அப்பா,
ரெத்தினம்